நெஞ்சில் பேர் தைத்த ஜாக்கெட்

பள்ளிக்கூடம் முடிக்காத பிள்ளையைக் கூப்பிட்டு, சாகும்வரைக்கும் என்ன செய்யப்போகிறாய் என்று மே மாதம் முதல் தேதிக்குள் சொல்லிவிடு, இல்லாவிட்டால் இடம் போச்சு என்று மிரட்டுவதற்கு அமெரிக்காவில் முடிவு நாள் என்று கௌரவமாகப் பேர் வைத்திருக்கிறார்கள். அந்த நாள் நெருங்க நெருங்க, மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் ரோலண்ட் தீபோ என்கிற மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் மகள் கொலெட்டுக்கு இரண்டு இடத்தில் அனுமதி கிடைத்திருந்தது. ஒன்று டன்ஸ்மோர் பல்கலைக்கழகம். அங்கே நிதிப் படிப்புக்கென்றே கண்ணாடியில் ஒரு கட்டடம் எழுப்பி வைத்திருந்தார்கள். இன்னொன்று ஆஷ்கோம்ப் கல்லூரி. லிபரல் ஆர்ட்ஸ் என்பார்களே, அந்த ரகம்: தத்துவம், கிரேக்கம், கவிதை, வானியல் என்று எல்லாவற்றையும் சொல்லித் தருவார்கள், வேலையைத் தவிர. கொலெட்டுக்கோ நியூயார்க்கில் பேங்க் வேலைக்குப் போகவேண்டும். தெருமுனையில் செக் மாற்றுகிற பேங்க் இல்லை. ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி விழுங்கும்போது நடுவில் உட்கார்ந்து கமிஷன் வாங்குகிற பெரிய பேங்க்.

அந்த ஆசைக்கு ஒரு காரணம் இருந்தது. ஊரில் இருந்த காகித ஆலையை யாரோ வாங்கி, யாரோ விற்று, யாரோ மூடினார்கள். ஊர் பாதி காலியானது. அந்த யாரோ யார் என்று சின்ன வயசில் கேட்டுக் கேட்டு அப்பாவின் உயிரை எடுத்தவள், வளர்ந்ததும் ஒருநாள் சொன்னாள்: "மூடறவங்க பக்கத்துல போய் உக்காந்துட்டா, நம்மள யாரும் மூட முடியாதுப்பா."

ரோலண்டுக்கு எந்த இடம் என்பது பெரிய கவலை இல்லை. எங்கே போனாலும் போனவள் தன் மகளாகவே திரும்பி வருவாளா என்பதுதான் அவர் கவலை. ஏனென்றால் கொலெட்டைப் போலப் பட்டென்று உண்மை பேசுகிற பிள்ளை அந்த ஊரில் கிடையாது. பாதிரியாரிடமே போய், "இன்னிக்குப் பிரசங்கம் நீளம், ஃபாதர். பாதிப்பேர் தூங்கிட்டாங்க" என்று சொன்னவள். ரோலண்ட் ஒருதரம் லாரியைப் பின்னால் எடுக்கும்போது பக்கத்து வீட்டுப் பூஷார் அம்மாவின் வேலியை இடித்துவிட்டுச் சத்தம் போடாமல் வந்துவிட்டார். அடுத்த நிமிஷமே கொலெட் போய்க் கதவைத் தட்டி, "எங்கப்பாதான் இடிச்சாரு, சனிக்கிழமை வந்து சரி பண்ணித் தருவாரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். ரோலண்டுக்கு அன்றைக்கு வந்த கோபமும் உண்மை, அதற்குமேல் வந்த பெருமையும் உண்மை.

லாரி என்றதும் சொல்லிவிட வேண்டும். குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு போய், அடித்தளத்து டாங்கியில் வீட்டைச் சூடாக்கும் அடுப்பெண்ணெய் ஊற்றுவதுதான் ரோலண்டின் வேலை. கூட வேலைபார்க்கிற கில் கிண்டலுக்குப் பேர்போனவன். "ஏன்டா ரோலண்ட், அந்த லிபரல் காலேஜுல கிரேக்கம் படிச்சா எந்த பேங்க்குடா வேலை குடுக்கும்? ஏதென்ஸ்ல பிராஞ்ச் வச்சிருக்கானா?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். ரோலண்டுக்கும் அதே சந்தேகம்தான். நேரில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தார். பாவம்.

முதலில் டன்ஸ்மோர். கல்யாணத்துக்கும் சாவுக்கும் என்று வைத்திருந்த கறுப்புக் கோட்டை ரோலண்ட் போட்டுக்கொண்டு போனார். வாசலில் இறங்கியதும் ஒரு சீமாட்டி வந்து, "வேன் எப்போ கிளம்பும்?" என்று கேட்டாள். திரும்பிப் பார்த்தால் வேனுக்குப் பக்கத்தில் நிற்கிற டிரைவர்கள் எல்லோரும் கறுப்புக் கோட்டில் இருந்தார்கள். பிள்ளைகளோடு வந்த அப்பாக்கள் எல்லோரும் நெஞ்சில் கம்பெனி பேர் தைத்த, கையில்லாத சாம்பல்நிறக் கம்பளி ஜாக்கெட்டில் இருந்தார்கள். பேங்க்காரர்கள் கோட்டைக் கழற்றிவிட்டு இந்த ஜாக்கெட்டுக்கு மாறி வெகுநாளாகிறது என்று ரோலண்டுக்கு யார் சொன்னார்கள்?

சுற்றிக் காட்ட வந்த மாணவி முகத்தை இவர்கள் பக்கம் வைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து போனாள். போகிற வழியில் இருந்த பெஞ்சு, மரம், தண்ணீர்க்குழாய் எல்லாவற்றுக்கும் நன்கொடை கொடுத்தவர்களின் பேர் இருந்தது. பெரிய மண்டபத்தில் திரை திரையாகப் பங்கு விலை ஓடியது. அதற்குக் கீழே இன்னொரு பலகையில் மாணவர்களின் பேர்கள் மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"இது என்ன பலகை?" என்று ரோலண்ட் கேட்டார்.

"எங்க மதிப்பு சார். நேரத்துக்கு நேரம் மாறும்." அந்தப் பெண் சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் தன் பேரைத் தேடினாள். தேடியது கிடைத்ததும் முகம் கொஞ்சம் வெளுத்தது. பின்பக்கமாகவே நடந்தாள்.

நிதிப் பள்ளியின் தலைவர் டாக்டர் ஹார்க்னஸ் மேடை ஏறினார். "பெற்றோர்களே, ஒண்ணு மட்டும் சொல்றேன். நீங்க லேட்டு!" என்று ஆரம்பித்தார். அரங்கமே கலங்கிப்போனது. "மூணாம் வருஷக் கோடை விடுமுறையில எந்த பேங்க்ல பயிற்சியோ, அந்த பேங்க்லதான் வேலை. அந்தப் பயிற்சிக்கு இரண்டாம் வருஷத்துலயே ஆள் எடுத்துடறாங்க. அதுக்கு முதல் வருஷத்துலயே தயாராகணும். அதனால முதல் வருஷத்துக்கு முன்னாடி ஒரு கோடை முகாம் வச்சிருக்கோம். அதுக்கான தேர்வு போன மாசம் முடிஞ்சிடுச்சு. வருத்தப்படாதீங்க! எங்க பட்டதாரிங்களைப் பத்தி பேங்க்குங்ககிட்ட ஒரே ஒரு குறைதான். கணக்கு நல்லா போடறாங்க, ஆனா பக்கத்துல உக்காந்து பேச முடியலைன்னு சொல்றாங்க. அதுக்கும் வழி பண்ணிட்டோம். சுவாரசியமான மனுஷனா இருப்பது எப்படின்னு இப்போ ஒரு கட்டாயப் பாடம். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பொழுதுபோக்கு ஒதுக்கித் தருவோம். போன வருஷம் தேனீ வளர்ப்பு நல்லா எடுபட்டது."

கொலெட் கையைத் தூக்கினாள். "சார், இங்க படிக்கிறவங்க சந்தோஷமா இருக்காங்களா?"

"நல்ல கேள்வி" என்றார் ஹார்க்னஸ். "மூணாம் வருஷம் வேலை உறுதியானதும் ஒரு கருத்துக்கணிப்பு எடுக்கறோம். வேலை கிடைச்சவங்ககிட்ட மட்டும். எல்லாரும் சந்தோஷமாத்தான் இருக்காங்க."

திரும்பி வரும்போது காரில் கொலெட் அந்தக் கல்லூரிக் கையேட்டைப் புரட்டினாள். பிறகு, "எனக்கு என்ன பொழுதுபோக்கு குடுப்பாங்கன்னு நினைக்கிற?" என்று கேட்டாள். இரண்டுபேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு இருக்கிறவரைக்கும் கவலை இல்லை என்று ரோலண்ட் நினைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து ஆஷ்கோம்ப். கறுப்புக் கோட்டு வேண்டவே வேண்டாம் என்று ரோலண்ட் முடிவு செய்துவிட்டார். அவரிடமும் ஒரு சாம்பல்நிற ஜாக்கெட் இருந்தது. எண்ணெய் என்று சொன்னால் இந்தக் காலத்தில் மரியாதை இல்லை என்று முதலாளி கம்பெனி பேரைக் கார்வர் ஸ்ட்ரவுட் எனர்ஜி என்று மாற்றி, எல்லா டிரைவர்களுக்கும் அந்தப் பேரை நெஞ்சில் தைத்து ஒரு கம்பளி ஜாக்கெட் கொடுத்திருந்தார். அதைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனார்.

ஆஷ்கோம்ப் அழகான இடம். கொடி ஏறிய செங்கல் சுவர், வயசான மரங்கள், புல்லில் படுத்துக்கொண்டு புத்தகம் படிக்கிற பிள்ளைகள். கல்லூரித் தலைவர் ஒரு கவிதையோடு பேச்சை ஆரம்பித்தார். "நாங்கள் யாரையும் எந்த வேலைக்கும் தயார் செய்வதில்லை. அதில் எங்களுக்குப் பெருமை. மனிதன் என்றால் என்ன என்று கேட்கச் சொல்லித் தருகிறோம். கேட்டு முடித்த மாணவர்களில் பெரும்பகுதி நேராக நியூயார்க் பேங்க்குகளுக்குப் போகிறார்கள். ஏன் போகிறார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. அது அவர்களுடைய சுதந்திரம். அவர்கள் பிறகு கட்டிக்கொடுக்கும் நூலகங்களை நாங்கள் நன்றியோடு ஏற்றுக்கொள்கிறோம்."

அரங்கம் கைதட்டியது. ரோலண்டுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நிதி சொல்லித் தருகிற இடத்தில் தேனீ வளர்க்கிறார்கள். கவிதை சொல்லித் தருகிற இடத்திலிருந்து பேங்க்குக்குப் போகிறார்கள். அப்படியானால் இவர்கள் எதை எங்கேதான் படிக்கிறார்கள்?

பதில் அடித்தளத்தில் இருந்தது. நூலகத்துக்குக் கீழே, பலகை எதுவும் மாட்டாத ஓர் அறைக்கு, ஹேடன் என்கிற இரண்டாம் வருஷ மாணவன் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனான். உள்ளே தத்துவ மாணவர்களும் கிரேக்க மாணவர்களும் வரிசையாக உட்கார்ந்து, கம்பெனிகளுக்கு விலைபோடப் பழகிக்கொண்டிருந்தார்கள். "இது ஃபைனான்ஸ் கிளப். காலேஜ்ல இது கிடையாது. அதாவது இருக்கு, ஆனா கிடையாது" என்றான் ஹேடன்.

"எப்படிச் சேரணும்?" என்று கொலெட் ஆசையாகக் கேட்டாள்.

"பேங்க் இன்டர்வியூவுக்குப் பழகத்தான் கிளப். கிளப்புல சேரவே ஒரு இன்டர்வியூ உண்டு. அதுக்குப் பழக ஒரு ஆயத்தக் கிளப் இருக்கு. அதுக்கும் இன்டர்வியூ இருக்கு. காலேஜ்ல இடம் கிடைக்கறது சுலபம், இங்க கிடைக்கறதுதான்…" அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "எந்த ஊரு நீ? மெய்னா? கஷ்டம்."

அப்போதுதான் அவன் கண் ரோலண்டின் நெஞ்சில் போய் விழுந்தது. கார்வர் ஸ்ட்ரவுட் எனர்ஜி. ஹேடனின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"சார், நீங்க கார்வர் ஸ்ட்ரவுட்டா?"

"ஆமா தம்பி."

"எவ்வளவு காலமா சார்?"

"பேர் மாத்தறதுக்கு முன்னாடியிலேந்து."

"ஆரம்பத்துலேந்தே!" என்று ஹேடன் மெதுவாகச் சொன்னான். அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. ஒருத்தன் நாற்காலி கொண்டுவந்து போட்டான். ஒருத்தி காபி கொண்டுவந்தாள். பிள்ளைகள் ஈ மொய்ப்பதுபோல மொய்த்துவிட்டார்கள்.

"சார், இந்த வருஷம் எண்ணெய் எப்படிப் போகும்?"

"குளிர் அடிச்சா போகும். அடிக்கலைன்னா டாங்கியிலேயே கிடக்கும்" என்றார் ரோலண்ட். ஒருத்தன் அதை எழுதிக்கொண்டான்.

"கோடையில எத்தனை பேரைப் பயிற்சிக்கு எடுப்பீங்க சார்?"

"கோடையில எங்களுக்கே வேலை கிடையாதேப்பா."

"ஒருத்தரையும் எடுக்கறதில்லையாம்!" என்று பின்வரிசைக்குச் செய்தி போனது. அவர்கள் மரியாதை இன்னும் கூடியது.

"தினமும் எவ்வளவு நேரம் சார் வேலை?"

"விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடுவேன். பனிப்புயல்னா வீட்டுக்கே வரமுடியாது. முதுகு போச்சு தம்பி."

பிள்ளைகள் ஏக்கத்தோடு ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். விடியும் முன்னால் கிளம்பி வீட்டுக்கே போகாமல் முதுகு போகிற வாழ்க்கைக்குத்தானே அவர்களும் ஆசைப்பட்டுக்கொண்டு இருந்தார்கள்.

ரோலண்டுக்கு உள்ளுக்குள் என்னமோ இடித்தது. "தம்பிங்களா, நான் லாரியில…" என்று ஆரம்பித்தார். அதற்குள் கதவு திறந்தது. லேத்ரப் அம்மா வந்துவிட்டார். பொருளுள்ள வாழ்க்கை மையத்தின் இயக்குநர். மற்ற இடங்களில் அந்த நாற்காலிக்கு வேலைவாய்ப்பு அலுவலர் என்று பேர். அவர் ரோலண்டைப் பார்த்தார், ஜாக்கெட்டைப் பார்த்தார், ஒரு புன்னகை செய்தார். பிறகு ரோலண்டை விட்டுவிட்டுக் கொலெட்டின் பக்கம் திரும்பினார்.

"நீதான் கொலெட்டா? உங்கப்பா என்னம்மா பண்றாரு?"

ரோலண்டுக்கு மூச்சு லேசானது. அப்பாடா, வேலியை இடித்ததையே போய்ச் சொன்னவள் ஆயிற்றே, இவள் சொல்லிவிடுவாள் என்று இருந்தார்.

கொலெட் ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள், காபியைப் பார்த்தாள், தன்னை ஏற இறங்கப் பார்த்த ஹேடன் இப்போது கை கட்டிக்கொண்டு நிற்பதையும் பார்த்தாள்.

"எரிசக்தித் துறையில இருக்காரு மேடம். விநியோகப் பக்கம். வீடுகளுக்கான வணிகம் முழுக்க வடக்குல அவர் கையிலதான் போகுது" என்றாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

லேத்ரப் அம்மா அவள் தோளில் கை வைத்தார். "ஆயத்தக் கிளப், இன்டர்வியூ, ஒண்ணும் வேண்டாம். இந்த ஃபைனான்ஸ் கிளப்புல உன்னை இப்பவே உறுப்பினரா எடுத்துக்கறேன். நீ இங்க வர்றதா இருந்தா இந்த இடம் உனக்குத்தான்."

காரில் ஊருக்குத் திரும்பினார்கள். வழியில் நிறுத்தி வாங்கிய டோநட் அப்படியே கிடந்தது.

"நான் பொய் சொல்லலைப்பா" என்று கொலெட்தான் ஆரம்பித்தாள்.

"சொல்லலைம்மா."

"ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்."

"நிஜந்தான்."

அதற்கப்புறம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து முகம் வாடியேதான் இருந்தாள். இடத்தை உறுதிசெய்ய ஆஷ்கோம்புக்கும் பணம் கட்டவில்லை, டன்ஸ்மோருக்கும் கட்டவில்லை. கம்ப்யூட்டரைத் திறப்பாள், மூடுவாள். அம்மா டெனிஸ் கேட்டால், "யோசிக்கிறேன்மா, சும்மா இரு" என்று எரிந்து விழுந்தாள். ரோலண்டுக்கு அதைப் பார்க்க வருத்தமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. மனசாட்சி உறுத்துகிறது, அதுதான், நம்ம பிள்ளை எங்கேயும் போய்விடவில்லை என்று நினைத்தார்.

முடிவு நாளன்று மத்தியானம் அவரால் தாங்கமுடியவில்லை. லாரியை ஓரங்கட்டிவிட்டு, லேத்ரப் அம்மாவுக்குப் போன் போட்டார்.

"மேடம், நான் கொலெட்டோட அப்பா பேசறேன். ஒரு தப்பு நடந்துபோச்சு. நான் பெரிய ஆள் கிடையாது. லாரி ஓட்டறவன், வீட்டுக்கு வீடு எண்ணெய் ஊத்தறவன். பொண்ணு பணம் கட்டறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும்னு மனசு அடிச்சுக்குது. அவ மேல தப்பு இல்லை. நானே அங்க வாயைத் தொறந்து சொல்லியிருக்கணும்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. கெட்ட சிரிப்பு இல்லை. பாசமான சிரிப்புத்தான்.

"மிஸ்டர் தீபோ, எங்கம்மா மெய்ன்லதான் இருக்காங்க. அவங்க வீட்டு டாங்கிக்கு உங்க கம்பெனி லாரிதான் வரும். அந்த ஜாக்கெட்டை எனக்குத் தெரியாதா? பாவம், நியூ ஜெர்சியிலேந்து வந்த அந்தக் கிளப் பசங்களுக்குத்தான் தெரியாது."

"அப்போ ஏன் மேடம் அவளை…"

"உங்களை யாரு சார் சேத்துக்கிட்டாங்க? அவளைத்தானே சேத்துக்கிட்டோம். அவ என்ன சொல்றான்னு பாக்கத்தான் நான் அந்தக் கேள்வியே கேட்டேன். எல்லாப் பிள்ளைகிட்டயும் கேப்பேன். அன்னிக்கு இன்னொரு பையன், 'எங்கப்பா ஸ்கூல் பஸ் டிரைவர் மேடம்'னு பட்டுனு சொல்லிட்டான். தங்கமான பையன். அவனைத் தத்துவத்துக்கே விட்டுட்டோம்." கொஞ்சம் நிறுத்தி, மனசாரச் சொன்னார்: "ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லாம, எதிர்ல இருக்கறவங்க நம்ப ஆசைப்படறதை நம்ப விடணும். இதைச் சொல்லிக் குடுக்க இங்க நாங்க கவிதையும் தர்க்கமும் வச்சு நாலு வருஷம் தவியாத் தவிக்கிறோம். உங்க பொண்ணு வரும்போதே கொண்டுவந்துட்டா. வீட்டுல ரொம்ப நல்லா வளத்திருக்கீங்க, மிஸ்டர் தீபோ."

ரோலண்ட் போனை வைத்தார். பிடரியில் ஓங்கி அடித்தாற்போல இருந்தது. மே மாதத்திலும் குளிர் விடாத ஊரில் மிச்சம் இருந்த வீடுகளுக்கு எண்ணெய் ஊற்றி முடித்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். டெனிஸ் ஆஸ்பத்திரி சலவை வேலைக்குப் போயிருந்தாள். கொலெட் சமையலறை மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

மறைக்கக்கூடாது என்று ரோலண்ட் வழியெல்லாம் தீர்மானம் செய்திருந்தார். எதிரில் உட்கார்ந்து, லேத்ரப் அம்மா சொன்னது எல்லாவற்றையும், அந்த பஸ் டிரைவர் மகன் உட்பட, ஒன்று விடாமல் சொன்னார். சொல்லிவிட்டு மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைக் கேட்டால் அவளுக்கு வெட்கம் வரும், வெட்கம் வந்தால் போதும், எந்தக் கல்லூரிக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

"அவங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" கொலெட் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

"பார்த்தவுடனேயே தெரியுமாம்."

"தெரிஞ்சுமா என்னை எடுத்தாங்க?"

"நீ சொன்ன பதிலுக்காகத்தான் எடுத்தாங்களாம்."

அவள் முகம் சிவந்தது. கண் நிரம்பிக் கன்னத்தில் வழிந்தது. ரோலண்டுக்கு அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் அப்பாடா என்று இருந்தது. கை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா!" என்றாள் கொலெட். "அப்போ அது ஜாக்கெட்டுக்காகக் குடுத்த இடம் இல்லையா? இத்தனை நாளா, உன்னைப் பாத்துத்தான் எடுத்தாங்க, எனக்குன்னு ஒண்ணும் இல்லைன்னு நினைச்சு நினைச்சு அழுதுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? நானே வாங்கினதாப்பா இது! என் சாமர்த்தியத்துல வாங்கினது!"

கையை விடுவித்துக்கொண்டு, ஆஷ்கோம்புக்குப் பணம் கட்டுகிற பொத்தானை அமுக்கினாள். திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. எழுந்து வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் கண்ணும் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு அன்பு பொங்கிவிட்டது.

"அழாதப்பா. இனிமே நீ போன் எல்லாம் பண்ணி யாருக்கும் ஒண்ணும் விளக்க வேண்டாம், சரியா? கேட்டா நானே சொல்லிக்கறேன்."

ரோலண்ட் சரி என்று தலையாட்டினார். அவள் அம்மாவுக்குச் சொல்ல போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.